சொந்த மாநிலத்தில் பொறியியல்: டெக்சஸ் தமிழ்ப் பெற்றோருக்கு

டல்லாஸுக்கு வடக்கே பிளேனோ, ஃபிரிஸ்கோ பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை பதினோராம் வகுப்புக்கு வந்துவிட்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கல்லூரி அட்மிஷனில்தான் வந்து நிற்கும். அந்தப் பேச்சில் ஒரு வரிசையும் தானாக அமைந்துவிடுகிறது. இரு கடற்கரைகளிலும் உள்ள தனியார் பல்கலைக்கழகங்கள் முதலில், வேறு மாநிலங்களின் பெயர்பெற்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் அடுத்து, இவை எதுவும் கைகூடாவிட்டால் கடைசியாக டெக்சஸ். பொறியியல் படிக்கப்போகும் பிள்ளைக்கு இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சொந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தை முதலிடத்தில் வைத்துக்கொண்டு, அதை விட்டு வெளியே போவதற்குத் தெளிவான காரணம் இருக்கிறதா என்று தேடுவதே சரியான முறை. அப்படித் தேடும்போதும், பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன், பிள்ளை விரும்பும் பிரிவில் உண்மையாகவே இடம் கிடைக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். என் மகள் இப்போது டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள். அவளுக்காக நானும் என் கணவரும் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவை அடுத்து வரும் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

இந்த நாட்டில் பொறியியல் கல்வி சாதாரணக் குடும்பங்களைச் சென்றடைந்ததே மாநிலப் பல்கலைக்கழகங்களின் வழியாகத்தான். 1862இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், ஒரு மாநிலத்தின் செனட்டர்கள், பிரதிநிதிகள் ஒவ்வொருவருக்கும் 30,000 ஏக்கர் என்ற கணக்கில் அந்த மாநிலத்துக்குக் கூட்டாட்சி அரசின் நிலத்தை வழங்கி, அதை விற்று வரும் பணத்தைக் கொண்டு வேளாண்மையும் இயந்திரக் கலைகளும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவச் சொன்னது. காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில் 1876இல் திறக்கப்பட்ட ஏ அண்ட் எம் அந்தச் சட்டத்தால் பிறந்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட டெக்சஸ் அரசியலமைப்பு, மாநிலத்தின் மேற்குப் பகுதியில் இருந்த வறண்ட நிலங்களைப் பல்கலைக்கழகத்துக்கென ஒதுக்கி ஒரு நிரந்தர நிதியை உருவாக்கியது. மேய்ச்சலுக்குக் குத்தகை விடுவதைத் தவிர அதிகம் உதவாத அந்த நிலத்தில், 1923இல் சான்டா ரீட்டா என்ற கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. பின்னர் செய்துகொண்ட பங்கீட்டின்படி, அந்த நிதியின் வருவாயில் மூன்றில் இரண்டு பங்கு டெக்சஸ் பல்கலைக்கழக அமைப்புக்கும் ஒரு பங்கு ஏ அண்ட் எம் அமைப்புக்கும் போய்ச் சேர்கின்றன. இவ்வளவு பெரிய பொதுச் சொத்தின் மேல் நிற்கும் ஒரு கல்வி ஏற்பாட்டை, வேறு வழியில்லாதவர்கள் ஒதுங்கும் இடமாக நாம் பேசுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. டல்லாஸில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் 1958இல் ஒருங்கிணைந்த மின்சுற்றை உருவாக்கி, அதற்காக 2000இல் நோபல் பரிசு பெற்ற ஜாக் கில்பி, எம்.ஐ.டி. நுழைவுத் தேர்வில் தேறாமல் இல்லினாய் பல்கலைக்கழகம் என்ற அரசுப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை படித்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். டெக்சஸ்வாசிகளுக்கு மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகங்களில் பொறியியலுக்கான ஆண்டுக் கல்விக் கட்டணம் ஏறத்தாழ 11,000 முதல் 15,000 டாலருக்குள் அமைகிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் வெளிமாநில மாணவர் பொறியியலுக்கு 40,000 டாலருக்கு மேல் கட்டுகிறார். பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் தங்குமிடமும் உணவும் சேர்த்து ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. இதோடு, ஆண்டு வருமானம் 1,00,000 டாலர் அல்லது அதற்குக் குறைவாக உள்ள டெக்சஸ் குடும்பங்களின் பிள்ளைகள் முழுநேரமாக இளங்கலை படித்தால் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்று டெக்சஸ் பல்கலைக்கழக அமைப்பின் ஆட்சிக்குழு 2024 நவம்பரில் முடிவெடுத்து, 2025 இலையுதிர் பருவம் முதல் அதை நடைமுறைப்படுத்தியது. நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்புவது அதற்கு ஒரு நிபந்தனை. நமக்கெல்லாம் உதவி கிடைக்காது என்று விண்ணப்பத்தையே தொடாமல் விடும் குடும்பங்களை நான் அறிவேன். ஒருவர் சம்பளத்தில் நடக்கும் வீடுகள் கட்டாயம் நிரப்பிப் பார்க்க வேண்டும்.

இனி, நம்மில் பலர் தடுமாறும் இடத்துக்கு வருகிறேன். நானும் என் வயதினரும் தமிழ்நாட்டில் ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங்கில் இடம் பிடித்தவர்கள். அங்கே கட்-ஆஃப் மதிப்பெண்ணின்படி வரிசையில் நம் முறை வரும்போது, கல்லூரியையும் பிரிவையும் ஒரே நேரத்தில் தேர்ந்தெடுத்தோம். ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது. இங்கே பல்கலைக்கழகத்தில் சேர்வது ஒன்று, மேஜர் எனப்படும் பாடப்பிரிவு கிடைப்பது வேறொன்று. இரண்டுக்கும் இடையே ஓராண்டு இடைவெளிகூட இருக்கலாம். நம் ஊர் முறையை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த ஊர் அட்மிஷன் கடிதத்தைப் படித்தால், கிடைக்காததைக் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்ள நேரும்.

டெக்சஸில் இந்தக் குழப்பத்தைப் பெரிதாக்குவது பத்து சதவீத விதி. இனத்தைக் கணக்கில் கொண்டு மாணவர்களைச் சேர்ப்பதை ஹாப்வுட் வழக்கில் 1996இல் வந்த தீர்ப்பு தடுத்தபின், மாநிலச் சட்டமன்றம் 1997இல் ஒரு சட்டம் இயற்றியது. மாநிலத்தின் எந்த ஹைஸ்கூலிலும் தன் வகுப்பின் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு என்பது அதன் சாரம். ஆஸ்டினில் இப்படிச் சேர்பவர்களின் எண்ணிக்கை மிகவும் பெருகியதால், 2009இல் அந்த வளாகத்துக்கு மட்டும் ஓர் உச்சவரம்பு வைக்க அனுமதி கிடைத்தது. அதனால் அங்கே தானாகச் சேர்வதற்கான வரம்பு படிப்படியாகச் சுருங்கிப் பல ஆண்டுகள் முதல் ஆறு சதவீதமாக இருந்து, 2026 இலையுதிர் பருவத்தில் சேர்பவர்களுக்கு ஐந்து சதவீதமாகியிருக்கிறது. இந்தச் சட்டம் கிராமப்புறப் பள்ளிகளுக்கும் நகரத்தின் ஏழைப் பள்ளிகளுக்கும் திறந்துவிட்ட வாசல் மிகப் பெரியது. அதை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் நம் குடும்பங்கள் பெரும்பாலும் போட்டி கடுமையாக இருக்கும் பள்ளிகளைத் தேடித்தான் வீடு வாங்குகின்றன. அந்தப் பள்ளிகளில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கும் பிள்ளைகூட முதல் ஐந்து சதவீதத்துக்கு வெளியே நிற்பது சாதாரணம். அப்படி நிற்கும் பிள்ளையை யாரும் தோற்றவராகப் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. அவர்களின் விண்ணப்பம் கட்டுரை, செயல்பாடுகள், பாடத் தேர்வு அனைத்தையும் வைத்து முழுமையாகப் பரிசீலிக்கப்படும்.

முதல் ஐந்து சதவீதத்துக்குள் வந்த பிள்ளைக்கும் சட்டம் உறுதி செய்வது பல்கலைக்கழகத்தில் ஓர் இடத்தை மட்டுமே. ஆஸ்டின் வளாகத்தின் காக்ரெல் பொறியியல் கல்லூரியில் இடம் உண்டா, அதிலும் கேட்ட பிரிவு கிடைக்குமா என்பது தனிப் பரிசீலனையில் முடிவாகிறது. கிடைக்காவிட்டால் வேறொரு கல்லூரியில் சேர்ந்துகொண்டு பிறகு பொறியியலுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற யோசனை வார இறுதிப் பேச்சுகளில் தாராளமாக வழங்கப்படுகிறது. உள்ளே போய் மாறுவது அங்கே மிகவும் கடினம், அதை நம்பிச் சேரக் கூடாது என்றே நான் சொல்வேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் விரும்புகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: ஆஸ்டினில் அந்தத் துறை பொறியியல் கல்லூரிக்குள் இல்லை. பொறியியல் கல்லூரியில் இருப்பது எலக்ட்ரிகல் அண்ட் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். ஏ அண்ட் எம்மிலும், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகமான யூ.டி. டல்லாஸிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியல் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது. விண்ணப்பத்தில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று நிரப்பும்போது இந்த அமைப்பு தெரிந்திருப்பது மிகவும் உதவும்.

ஏ அண்ட் எம் வேறொரு வழியில் நடக்கிறது. அங்கே பொறியியலில் சேரும் அனைவரும் முதல் ஆண்டு பொதுப் பொறியியல் மாணவர்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றோடு பைத்தான் மொழியில் நிரல் எழுதும் ஒரு பாடத்தையும் எல்லோரும் எடுக்கிறார்கள். ஆண்டின் இறுதியில் எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசைப்படுத்தி விண்ணப்பிக்க வேண்டும். என்ட்ரி டு எ மேஜர் என்ற இதை மாணவர்கள் சுருக்கமாக ஈடாம் என்று அழைக்கிறார்கள். நான்குக்குக் கணக்கிடப்படும் மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. ஒட்டுமொத்தமாக 3.75 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் விருப்பம் உறுதி என்பது என் மகள் சேர்ந்தபோது இருந்த விதி. அதற்குக் கீழே இருப்பவர்கள் மதிப்பெண்ணோடு தாங்கள் எழுதித் தரும் விளக்கங்களையும் வைத்துப் பரிசீலிக்கப்படுகிறார்கள். இந்த முறையைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் ஒரு நன்மையும் தெரிகிறது. பதினேழு வயதில் தனக்கு ஏரோஸ்பேஸ்தான் என்று உறுதியாக இருந்த என் மகள், முதல் ஆண்டில் திடப்பொருள்களின் இயக்கமும் வெப்பமும் தன்னை எவ்வளவு ஈர்க்கின்றன என்று கண்டு, தன் விருப்பத்தாலேயே மெக்கானிக்கலுக்கு வந்தாள். ஆனால் அந்த ஓராண்டு முழுவதும் ஒவ்வொரு தேர்வும் அவள் மேல் பாரமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட ஒரே பிரிவைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாத பிள்ளைக்கும், தேர்வு நெருக்கடியில் தூக்கம் இழக்கும் பிள்ளைக்கும், சேரும்போதே மேஜரை உறுதியாகத் தரும் இடம் நல்லது. என்ன படிப்பது என்று இன்னும் முடிவு செய்யாத பிள்ளைக்குப் பொதுவான முதல் ஆண்டு பொருத்தமானது. எந்தத் தரவரிசைப் பட்டியலும் இந்த வேறுபாட்டைச் சொல்லாது; உங்கள் பிள்ளையின் இயல்பை அறிந்த நீங்கள்தான் சொல்ல முடியும்.

என் மகளுக்கு இண்டியானாவின் பர்டியூ பல்கலைக்கழகத்திலும் பொறியியலில் இடம் கிடைத்திருந்தது. மிகச் சிறந்த பொறியியல் கல்லூரி அது. 2013 முதல் கல்விக் கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருக்கும் பொறுப்புணர்வை நான் மதிக்கிறேன். ஆனாலும் வெளிமாநில மாணவர்களுக்கு அங்கே ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல் ஆகிறது. நாங்கள் நான்கு ஆண்டுக்குமான கணக்கைப் போட்டபோது வித்தியாசம் 50,000 டாலரைத் தாண்டியது. அங்கேயும் முதல் ஆண்டு பொதுவானது, பிரிவு பிறகுதான் என்பதால், அந்தக் கூடுதல் பணத்துக்கு மேஜர் உறுதி என்ற ஒன்றும் சேர்ந்து வரவில்லை. முடிவை மகளிடமே விட்டோம். அவள் இரண்டு பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களையும் பருவவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, படிப்பில் தனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, மிச்சமாகும் பணத்தை மேல்படிப்புக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

பாடத்திட்டங்கள் இவ்வளவு ஒத்திருப்பது தற்செயலாக நடந்ததில்லை. அமெரிக்கப் பொறியியல் படிப்புகளை ஏபெட் என்ற அமைப்பு மதிப்பிட்டு அங்கீகரிக்கிறது. கணிதம், அறிவியல், பொறியியல் பாடங்கள், இறுதியாண்டு வடிவமைப்புத் திட்டம் ஆகியவற்றில் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அளவுகோல் எல்லோருக்கும் பொது. அந்த அங்கீகாரம் கல்லூரிக்குப் பொதுவாகத் தரப்படுவதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது. ஆகவே பிள்ளை சேரப்போகும் அந்தக் குறிப்பிட்ட படிப்பு ஏபெட் பட்டியலில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மென்பொருள் வேலைக்கு யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். சிவில், ஸ்ட்ரக்சரல், மின்சக்தித் துறைகளில் உரிமம் பெற்ற பொறியாளராக வேண்டுமென்றால் இதுவே அடித்தளம். டெக்சஸில் இந்த உரிமச் சட்டம் வந்த கதை நெஞ்சை உலுக்குவது. 1937 மார்ச் 18 அன்று கிழக்கு டெக்சஸின் நியூ லண்டன் ஊரில், கசிந்து தேங்கிய இயற்கை எரிவாயு வெடித்து ஒரு பள்ளிக்கூடமே தரைமட்டமானது. முந்நூறு பேரளவில், பெரும்பாலும் குழந்தைகள், உயிரிழந்தார்கள். அதே ஆண்டு பொறியாளர்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் இம்மாநிலத்தில் நிறைவேறியது. கசிவை மூக்கே கண்டுபிடிக்கும்படி எரிவாயுவில் நாற்றம் கலக்கும் விதியும் அந்த விபத்தின் விளைவுதான். பொறியியலை நல்ல சம்பளமாக மட்டும் பார்க்கும் பேச்சுக்கு நடுவே இதையும் பிள்ளைகளிடம் சொன்னால் நல்லது.

சொந்த மாநிலத்தில் படிப்பதன் இன்னொரு பலன் வேலையின் அருகாமை. ஹூஸ்டனைச் சுற்றி எண்ணெய், ரசாயன ஆலைகளும் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையமும் இருக்கின்றன. ஃபோர்ட் வொர்த்தில் லாக்ஹீட் மார்ட்டினும் பெல்லும் விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் உருவாக்குகின்றன. டல்லாஸிலும் ஷெர்மனிலும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், ஆஸ்டினிலும் டெய்லரிலும் சாம்சங் என்று சிப் தொழில் விரிந்துகொண்டே போகிறது. இந்நிறுவனங்களுக்கு இங்குள்ள வளாகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. யூ.டி. ஆர்லிங்டன், ஹூஸ்டன் பல்கலைக்கழகம் போன்றவற்றை நம்மவர் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. விமானத் தொழிலும் ரசாயனத் தொழிலும் அவற்றின் வாசலிலேயே இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் நிறுவனர்கள் தங்கள் நிறுவனத்துக்கு ஆள் வேண்டும் என்று தொடங்கிய ஆய்வு மையம்தான் 1969இல் யூ.டி. டல்லாஸ் ஆனது. நாடளாவிய நேஷனல் மெரிட் போட்டியில் தேர்வான மாணவர்களுக்கும் நல்ல மதிப்பெண் பெற்றவர்களுக்கும் அது தாராளமாக உதவித்தொகை தருகிறது. வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் இருப்பதாலேயே சில பிள்ளைகள் அதை மதிக்க மறுக்கிறார்கள். அந்த வயதில் அந்த எண்ணம் இயல்பானது, ஆகவே விடுதியில் தங்கிப் படிக்கட்டும் என்று பெற்றோர் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி எதிர்ப்பு கரைந்துவிடும்.

விசாவில் இருக்கும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகம். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் பெற்றோரும், அவர்களைச் சார்ந்தோருக்கான எச்-4இல் இருக்கும் பிள்ளைகளும் டெக்சஸில் உள்மாநிலக் கட்டணத்துக்கான குடியிருப்புத் தகுதி பெற முடியும். பெற்றோர் பன்னிரண்டு மாதங்களாக இங்கே நிலையாகக் குடியிருப்பது ஒரு வழி. பிள்ளை முப்பத்தாறு மாதங்கள் இங்கே வாழ்ந்து, இங்குள்ள ஹைஸ்கூலில் பட்டம் பெறுவது மற்றொரு வழி. ஆனால் கூட்டாட்சி அரசின் நிதியுதவி எச்-4 பிள்ளைகளுக்குக் கிடையாது. அதைவிடப் பெரிய தடை, எச்-4இல் இருந்துகொண்டு சம்பளம் வாங்கும் இன்டர்ன்ஷிப் செய்ய முடியாது என்பது. பொறியியலில் கோடைக்கால இன்டர்ன்ஷிப் வேலைக்கான நேர்வழி என்பதால் இது சிறிய இழப்பன்று. மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறினால் படிப்போடு இணைந்த பயிற்சிக்கும், படித்து முடித்தபின் ஓராண்டும் அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்குக் கூடுதலாக 24 மாதமும் வேலை செய்வதற்கும் அனுமதி உண்டு. இருபத்தொரு வயது நிறைந்ததும் எச்-4 முடிந்துவிடுவதால், கிரீன் கார்டு வரிசை நீளும் நம் பிள்ளைகளில் பலர் எப்படியும் படிப்பின் நடுவில் மாறத்தான் வேண்டியிருக்கும். மாறிய பிறகும் உள்மாநிலக் கட்டணம் தொடருமா என்பது பிள்ளை எந்த வழியில் குடியிருப்புத் தகுதி பெற்றது என்பதைப் பொறுத்தது. எஃப்-1 விசாவை மட்டும் காட்டி அந்தத் தகுதியைக் கோர முடியாது. சேரும் முன்பே பல்கலைக்கழகத்தின் குடியிருப்புத் தகுதி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவரின் பிள்ளைக்கு நடந்தது உங்கள் பிள்ளைக்கும் அப்படியே நடக்கும் என்று இருக்க வேண்டாம்.

முதல் முயற்சியில் நினைத்த இடம் கிடைக்காதவர்களுக்கும் மாநிலத்துக்குள்ளேயே வழிகள் உள்ளன. ஏ அண்ட் எம், மாநிலத்தின் சில சமூகக் கல்லூரிகளோடு சேர்ந்து பொறியியல் அகாடமிகளை நடத்துகிறது. அதில் சேரும் மாணவர் இரு கல்லூரிகளிலும் ஒரே நேரத்தில் பதிவு பெற்று, தொடக்கப் பாடங்களைக் குறைந்த செலவில் முடித்துவிட்டு மைய வளாகத்துக்குச் செல்லலாம். சமூகக் கல்லூரி என்றதும் முகம் சுளிக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

வெளியே போவதற்கு நல்ல காரணங்களும் உண்டு. கப்பல் வடிவமைப்புதான் வேண்டும் என்ற பிள்ளைக்கு மிச்சிகனுக்குப் போகும் காரணம் இருக்கிறது. குடும்ப வருமானம் குறைவாக இருந்து, தேவையை முழுமையாக ஈடுசெய்யும் தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், அது உள்மாநிலக் கட்டணத்தைவிட மலிவாகவே முடியலாம். ஹூஸ்டனில் இருக்கும் ரைஸ் பல்கலைக்கழகம் 2018இல் அறிவித்த நிதியுதவித் திட்டத்தை இதற்காகவே பார்க்க வேண்டும். அலபாமா போன்ற சில வெளிமாநிலப் பல்கலைக்கழகங்கள் நல்ல மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பெரும் உதவித்தொகை தந்து அழைக்கின்றன. ஊரில் சொல்லிக்கொள்ளப் பெயர் வேண்டும் என்பதை மட்டும் நான் ஒரு காரணமாக ஏற்க மாட்டேன், அதிலும் பிள்ளையின் பெயரில் கடன் வாங்கி.

இடங்கள் கைக்கு வந்தபின், வசந்தகாலத்தில் வளாகங்களைப் பார்க்கப் போகும்போது, விளையாட்டரங்கத்தையும் விடுதி அறைகளையும் காட்டும் பொதுச் சுற்றோடு திரும்பிவிடாமல் துறைக் கட்டடத்துக்கும் போங்கள். முதல் ஆண்டுக் கணித வகுப்பில் எத்தனை பேர், உதவி தேவைப்பட்டால் யாரிடம் போகலாம், மேஜர் கிடைக்காதவர்கள் அடுத்து என்ன செய்தார்கள், இரண்டாம் ஆண்டில் தேவையான பாடத்தில் இடம் கிடைக்காமல் பருவம் தள்ளிப் போனவர்கள் உண்டா என்று அங்கே படிக்கும் மாணவர்களிடமே கேட்க வேண்டும். கேள்விகளைப் பிள்ளை கேட்கட்டும். அப்பாவும் அம்மாவும் சற்றுத் தள்ளி நிற்பது நல்லது, ஏனென்றால் பெற்றோர் முன்னால் எந்த மாணவரும் முழுதாகப் பேச மாட்டார். அன்று கேட்டவற்றை வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்துக்கொண்டால், மே 1ஆம் தேதிக்குள் ஏதாவது ஓரிடத்தில் முன்பணம் கட்டியாக வேண்டும் என்ற நிலை வரும்போது எடுத்துப் பார்க்கலாம்.